பாக் விரிகுடாவுக்கு ஒரு மீன்பிடிக் கொள்கை: எழுத உட்காருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நீலப் புரட்சி, நீலப் பொருளாதாரம், வளங்குன்றா மீன்பிடிப்பு என்று சில வருடத்துக்கு ஒரு பெயரில் திட்டம் வருகிறது. கூடவே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டமும் வருகிறது. மீனவர் தரப்பு எழுந்து "எங்க வாழ்வாதாரம் போயிடும்" என்று சொல்லும், அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள், டீ வரும், கூட்டம் முடியும். அந்தக் கூட்டத்தில் நம் தரப்பிலிருந்து எழுதப்பட்ட ஒரு தாள் மேசையில் இருந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். அந்தத் தாளை எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், 14 மாவட்டங்கள். மொத்தத்தையும் பேசினால் பொத்தாம்பொதுவாகத்தான் முடியும். அதனால் பாக் விரிகுடாவை எடுத்துக்கொள்கிறேன், அதாவது கோடியக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை. இங்கே எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கிறது: விசைப்படகு, நாட்டுப்படகு, ஆவுளியா (கடல்பசு), கடலட்டை, கடற்பாசி, இறால் பண்ணை, சர்வதேச எல்லை. சங்க நிர்வாகிகள், ஊர்ப் பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிற படித்த பிள்ளைகள், மீன்வளக் கல்லூரி மாணவர்கள், இந்தப் பக்கம் வேலை பார்க்கிற தொண்டு நிறுவனத்தார், இவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலிலேயே ஒன்று. கொள்கை என்றதும் முன்னுரையில் கடல் அன்னையைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டாம். எந்தப் படகு, எந்த வலையோடு, எந்த நாளில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொழில் செய்யலாம்? மீறினால் யார் கேட்பது? இதனால் வருமானம் குறைகிறவருக்கு யார், எத்தனை காலம் ஈடு கட்டுவது? இவ்வளவுதான் கொள்கை. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கரையில் நல்ல விதிகள் பல தோற்றதற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து.

படி 1: வரைபடத்தில் கோடு போடுங்கள்

மாவட்ட எல்லையை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள். மீனுக்கு ராமநாதபுரமும் தெரியாது, புதுக்கோட்டையும் தெரியாது. உங்கள் ஊர் வள்ளங்கள் எங்கே வலை விடுகின்றன, பக்கத்து ஊர் விசைப்படகு எங்கே மடி (இழுவை வலை) இழுக்கிறது, கடற்புல் எங்கே இருக்கிறது, ஆற்றுமுகம் எங்கே என்று ஒரு பெரிய தாளில் குறியுங்கள். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யாதீர்கள். தொழிலுக்குப் போகிற நான்கைந்து பெரியவர்களை உட்காரவைத்தால், அவர்கள் நிலக்குறி சொல்லி, ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லி, எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் படும் என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

குறித்த பிறகு இரண்டு கோடு போடுங்கள். ஒன்று, கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது சுமார் 9.3 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் விதிப்படி அதற்கு உள்ளே விசைப்படகு தொழில் செய்யக்கூடாது. இன்னொன்று, 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த இந்திய–இலங்கைக் கடல் எல்லை. ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒரு ஒடுக்கமான பட்டை. அதற்குள்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் அத்தனையும் மடி இழுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உள்ளே வந்தால் நாட்டுப்படகுக்காரரோடு சண்டை, வெளியே போனால் கைதும் படகு பறிமுதலும். இந்த ஒரு படத்தைப் பார்த்தாலே எல்லைப் பிரச்சினை என்று தொலைக்காட்சியில் பேசப்படுவதில் பாதி உண்மையில் படகுகளின் எண்ணிக்கைப் பிரச்சினை என்று புரிந்துவிடும். உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்தில் இந்தப் படம் இருக்கட்டும்.

படி 2: எந்தக் கதவை எதற்குத் தட்டுவது

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரம். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசு. பாக் விரிகுடாவில் பல இடங்களில் 12 மைல் முடிவதற்குள்ளேயே அடுத்த நாடு வந்துவிடுவதால், நம் கையில் இருக்கும் முக்கியமான கருவி 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும்தான். அதை நடத்துவது மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை. உங்களுக்கு நெருக்கமான அலுவலகம் உதவி இயக்குநர் அலுவலகம். அங்கே மனு கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

ஆனால் கடலில் இருப்பதெல்லாம் மீன்வளத் துறையுடையது அல்ல. கடலட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஆகவே அது வனத்துறை விவகாரம். ஆவுளியாவும் அப்படியே. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடல்பசுப் பாதுகாப்பகமும் வனத்துறைதான். பாம்பனைத் தாண்டித் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குப் போனால் 21 தீவுகளைச் சுற்றிய கடல்சார் தேசியப் பூங்கா, 1986-இலிருந்து. கரையில் கட்டடம், சாலை, துறைமுகம் என்றால் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை வரும். அதில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்ட அளவிலான குழுவில் உள்ளூர் கடலோரச் சமூகத்திலிருந்து குறைந்தது மூன்று பிரதிநிதிகள் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள், கடைசிக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு ஆவணத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் ஏற்றுக்கொண்ட சிறுதொழில் மீன்பிடிப்புக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகள். சட்டமாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதிகாரியிடம் பேசும்போது மேற்கோள் காட்ட நல்ல தாள். அது உருவாகக் கடுமையாக உழைத்தவர்களில் ஒருவர், சென்னையிலிருந்து இயங்கிய சர்வதேச மீனவர் ஆதரவு அமைப்பின் செயலாளர் சந்திரிகா சர்மா. அது நிறைவேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். அந்த நெறிகளை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள்.

படி 3: ஏலக்கூடத்தில் நின்று கணக்கெடுங்கள்

"மீன் குறைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். எது, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் மீன்வரத்துக் கணக்கு வெளியிடுகிறது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனம் கொச்சிக்குப் போகும் முன் பல ஆண்டுகள் மண்டபத்தைத்தான் தலைமையிடமாக வைத்திருந்தது, இப்போதும் அங்கே கிளை இருக்கிறது, போய்க் கேட்டால் பேசுவார்கள். ஆனால் அது மாநிலக் கணக்கு. உங்கள் இறங்குதளத்தின் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

எப்படி? விசைப்படகு கரை பிடித்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இறால் தனியாக, நண்டு தனியாக, கணவாய் தனியாகப் பிரிப்பார்கள். விலை போகிற மீன் தனிக் கூடை. இதெல்லாம் போன பிறகு தளத்தில் ஒரு குவியல் மிஞ்சும், அதுதான் சங்காயம். கிலோவுக்குச் சொற்ப விலைக்குக் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிற குவியல். உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் அதுதான். அதிலிருந்து ஒரு கூடை வாங்கிக்கொண்டு நிழலில் உட்காருங்கள். ஒரு தார்ப்பாயில் கொட்டி இனம் வாரியாகப் பிரியுங்கள். காரல், சூடை மாதிரி இயல்பிலேயே சின்னதாக இருக்கிறவை ஒரு பக்கம். விரல் நீளத்தில் கிடக்கிற பாறைக்குஞ்சு, நகரைக்குஞ்சு, வெளமீன்குஞ்சு, கையகலம்கூட வராத நண்டு இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம்தான் நீங்கள் தேடுவது, அதாவது வளர்ந்திருந்தால் வஞ்சிரத்தோடு போட்டி போட்டு விலை போயிருக்கக்கூடிய மீன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். எடை போடுங்கள். கூடையில் எத்தனை சதவீதம் குஞ்சு என்று ஒரு எண் கிடைக்கும்.

ஒரு நாள் எடுத்தால் போதாது. வாடைக் காற்றில் ஒரு மாதம், கச்சான் காற்றில் ஒரு மாதம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத 61 நாள் தடைக்காலம் முடிந்த முதல் வாரம், இப்படிப் பிரித்து எடுங்கள். தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தை விட்டுவிடவே கூடாது, அந்த வாரம் மடியில் வருவதைப் பார்த்தால்தான் 61 நாள் சும்மா இருந்ததன் பலன் யாருக்குப் போகிறது என்று தெரியும். படகின் பெயர், பதிவு எண் எதையும் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த நாள் உங்களை யாரும் குவியல் பக்கம் விடமாட்டார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் மீனின் பெயர் மாறும் என்பதால் முக்கியமானவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவில் ஒரு பெயர், கடலூரில் வேறு பெயர், துறையின் படிவத்தில் மூன்றாவது பெயர்.

கூடவே பணக் கணக்கும் எடுங்கள். டீசல், ஐஸ், ஆட்களுக்கான படிக்காசு, ஏலக்காரர் கமிஷன், பங்கு. பலர் தவறவிடுகிற விஷயம் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம். கடனில் இருக்கிற படகுக்காரர் மீன் பிடித்தே ஆக வேண்டும், அதுவும் ஏலக்காரர் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறைக்கச் சொல்லி நீங்கள் போய் நின்றால் படகுக்காரர் தலையாட்டுவார், ஆனால் செய்ய முடியாது. இந்தக் கடனைக் கணக்கில் எடுக்காத எந்த விதியும் தாளில்தான் இருக்கும்.

படி 4: விதிகளை எழுதுங்கள் (ஏற்கனவே இருப்பதிலிருந்து)

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதலில் இருப்பதைப் பட்டியல் போட்டு, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று எதிரே குறியுங்கள்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. இது நன்றாகவே நடக்கிறது, காரணம் எளிது: எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள், துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற படகை யாரும் மறைக்க முடியாது. அப்புறம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பாக் விரிகுடா ஏற்பாடு. பல சண்டைகளுக்குப் பிறகு வந்தது, குறைகள் இருந்தாலும் ஓரளவு நிற்கிறது. இரட்டை மடிக்கு, அதாவது இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுப்பதற்கு, தடை இருக்கிறது. இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. இந்த இரண்டும் எப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டாம், சங்காயக் குவியல் சொல்லும்.

மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி இன்னொரு பஞ்சாயத்து. தமிழ்நாட்டில் 2000-த்திலேயே தடை போட்டாகிவிட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. பாக் விரிகுடாவில் இதற்கு இடமே இல்லை. ஆனால் வடக்கே கடலூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஊருக்கு ஊர் கைகலப்பு வரை போன விவகாரம் என்பதால் உங்கள் ஆவணத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

சேர்க்க வேண்டியது என்று நான் நினைப்பது இரண்டுதான். ஒன்று, குறைந்தபட்ச அளவு. கேரளம் 2015-இல் 14 இனங்களுக்குத் தொடங்கி 2017-இல் 58 இனங்களுக்கு இதைக் கொண்டுவந்தது. மத்தி என்றால் 10 செ.மீ., கானாங்கெளுத்தி என்றால் 14 செ.மீ., அதற்குக் குறைந்தால் பிடிக்கவும் கூடாது விற்கவும் கூடாது. இதில் நல்லது என்னவென்றால், கடலில் போய்க் கண்ணியை அளக்க வேண்டியதில்லை, கரையில் கூடையைப் பார்த்தால் போதும். பாக் விரிகுடாவுக்கு நீலக்கால் நண்டிலிருந்து தொடங்கலாம். நண்டுக் கம்பெனிகள் அளவு பார்த்துத்தான் வாங்குகின்றன, ஆகவே அவர்களையும் உட்காரவைத்து, சின்ன நண்டையும் சினை நண்டையும் வாங்க மாட்டோம் என்று எழுதி வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, கடற்புல் திட்டுகளில் மடி இழுக்காத இடங்கள். இதை வனத்துறை சொன்னால் எதிர்ப்பு வரும், ஊர் சொன்னால் நிற்கும். நண்டும் கணவாயும் இறால் குஞ்சும் அங்கேதான் வளர்கின்றன என்று நாட்டுப்படகுக்காரருக்குத் தெரியாதா என்ன. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை கொடுத்துப் பாராட்டுகிற வழக்கம் இருக்கிறது. அறுத்த வலையின் விலையைவிடத் தொகை அதிகமாக இருக்க வேண்டும், சில வாரங்களுக்குள் கையில் வர வேண்டும் என்று எழுதுங்கள். பொன்னாடை பிறகு வரட்டும்.

படி 5: யார் பார்த்துக்கொள்வது

"கண்காணிப்பு பலப்படுத்தப்படும்" என்று எழுதாதீர்கள். இதை எழுதாத அரசு ஆவணமே கிடையாது.

ராமேஸ்வரம் போன்ற தளங்களில் விசைப்படகு கடலுக்குப் போகும் முன் மீன்துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்க வேண்டும். மானிய டீசலும் அந்தப் பதிவைச் சார்ந்தது. இந்தக் கரையில் உண்மையான பிடி அந்தச் சின்னச் சீட்டுதான். ரோந்துப் படகு எல்லா இடத்துக்கும் போக முடியாது, டோக்கன் மேசை ஒரே இடத்தில் இருக்கிறது. ஆகவே இரட்டை மடியோடு பிடிபட்ட படகுக்கு இத்தனை நாள் டோக்கன் கிடையாது, இரண்டாம் முறை என்றால் இத்தனை மாதம் மானிய டீசல் கிடையாது என்று விதியை அங்கே கட்டுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த நாளே போகிறவர், மூன்று வாரம் கட்டிக் கிடந்தால் யோசிப்பார். ஆனால் தண்டனைப் பட்டியலைத் துறை மட்டும் தீர்மானிக்கக் கூடாது, விசைப்படகு சங்கமும் நாட்டுப்படகு சங்கமும் கையெழுத்துப் போட்ட பட்டியலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே வேலைநிறுத்தம்.

நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில், படகு இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் மத்தியத் திட்டமும் நடக்கிறது. புயல் எச்சரிக்கைக்கு அது அவசியம், ஒக்கிப் புயலுக்குப் பிறகு அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. ஆனால் அந்தத் தடம் யார் கையில் போகும், எதற்கெல்லாம் பயன்படும் என்று எழுத்தில் கேளுங்கள். கண்காணிப்புக்குத்தான் என்று தெரிந்தால் அணைத்துவிட்டுப் போவார்கள்.

படி 6: நட்டம் யாருக்கு?

இந்தப் படியை மற்ற எல்லாவற்றையும்விட நிதானமாகச் செய்யுங்கள். 2017-இல் என்ன நடந்தது என்று பார்த்தால் ஏன் என்று புரியும்.

அந்த ஆண்டு ஜூலையில் பாக் விரிகுடா இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை ராமேஸ்வரத்தில் பிரதமரே தொடங்கிவைத்தார். மூன்று ஆண்டில் 2,000 படகு இலக்கு. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கு: 50 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. தாளில் பார்த்தால் இதைவிடத் தாராளமான திட்டம் கிடையாது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆயிரங்கால் தூண்டிலும் செவுள்வலையும் பூட்டிய புதுப் படகில் சூரை (டூனா) பிடிக்கப் போகலாம்.

இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன்? பாக் விரிகுடா விசைப்படகுத் தொழில் என்பது ஒரு நாள் தொழில், இன்று போய் நாளை திரும்புவது. சூரைத் தொழிலில் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். அதில் கைதேர்ந்தவர்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள், அவர்கள் தலைமுறையாகச் சுறாவும் சூரையும் தேடிப் போய்ப் பழகியவர்கள். ராமேஸ்வரத்து ஓட்டுநருக்கும் ஆட்களுக்கும் அந்தப் பழக்கம் ஒரு பயிற்சி முகாமில் வந்துவிடாது. அப்புறம் 8 லட்சம் பங்கு, 16 லட்சம் கடன், முதல் சில பாடுகள் நட்டமானால் தாங்கும் கைமுதல், சூரையை நல்ல விலைக்கு எடுக்கும் வியாபாரி, பெரிய படகு அணைய ஆழமான துறைமுகம் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். மூக்கையூரில் துறைமுகம் கட்டினார்கள். மற்றவை தனித்தனியாக, அதது அதன் வேகத்தில் வந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திட்டம் முழுக்கப் படகு உரிமையாளரைப் பற்றியது. படகில் பங்குக்குப் போகிற ஆட்கள், கரையில் இறால் உரிக்கிற பெண்கள், சங்காயம் காயவைத்து விற்கிறவர்கள் அதில் எங்கும் இல்லை.

ஆகவே உங்கள் ஆவணத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த விதி வந்தால் யாருக்கு மாதம் எவ்வளவு குறையும் என்று பெயர் இல்லாமல், வகை வாரியாக எழுதுங்கள். உரிமையாளர், ஓட்டுநர், ஆட்கள், ஐஸ்காரர், மீன் விற்கிற பெண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஈடு என்ன, எங்கிருந்து, எத்தனை மாதம். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தி அறிவித்தார்கள். இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு காணும் என்று ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எல்லோரையும் ஆழ்கடலுக்கு அனுப்புவதற்குப் பதில், தொழிலை விட்டு விலக விரும்புகிறவரின் பழைய படகை அரசு விலைக்கு எடுத்து உடைத்துவிடுவதுதான் நேரான வழி என்பது என் கணிப்பு. அப்படி எடுத்த படகின் உரிமம் இன்னொருவர் பெயரில் உயிர்பெறக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

படி 7: நீலப் பொருளாதாரம் என்று வருபவர்களிடம் கேட்க வேண்டியது

மீன்பிடிப்பைக் குறைத்தால் வேறு வருமானம் வேண்டும், சரி. பாசி வளர்ப்பு, கூண்டில் கடல்விரால் மீன் வளர்ப்பு, கடலட்டைப் பண்ணை, கடல் காற்றாலை, சுற்றுலா என்று வரிசையாக வரும். எதையும் எடுத்த எடுப்பிலேயே எதிர்க்க வேண்டாம். ஆனால் மூன்றே கேள்வி: கடலின் எந்த இடத்தை அடைக்கிறீர்கள், அங்கே இப்போது தொழில் செய்கிறவர் எங்கே போவார், லாபம் யார் கணக்கில் விழும்.

பாசியையே பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவோரங்களில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை எடுத்து வாழ்ந்த பெண்கள் நிறையப் பேர். பூங்கா வந்த பிறகு அவர்களைத் திருடர்கள் மாதிரி நடத்தினார்கள். அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எந்த நிபுணர் குழுவும் சொல்லாமல் நடந்த விஷயம் இது. இன்னொரு பக்கம், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு மண்டபம் பக்கத்தில் பரவி பல குடும்பங்களுக்கு வருமானம் கொடுத்தது. அதே பாசி தப்பிப் போய்க் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளின் மேல் படர்ந்து மூடியதும் பதிவாகியிருக்கிறது. இப்போது ராமநாதபுரம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பாசிப் பூங்கா அமைகிறது. எந்த இனம், எந்த இடத்தில், பவளப்பாறையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்பது உங்கள் உரிமை.

இறால் பண்ணை அனுபவம் இன்னும் பழையது. நாகப்பட்டினம் பக்கத்தில் வயலும் குடிநீரும் உப்பானபோது சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் கடலோர மண்டலத்துக்குள் இருந்த தீவிர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். பிறகு 2005-இல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்து, பண்ணைகள் பதிவு பெற்றுத் தொடர்ந்தன. தீர்ப்பு வந்துவிட்டது என்று ஊர் தூங்கிவிட்டால் சட்டம் பின்னால் வந்து மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அக்கரையில், இலங்கையிலும் இதே கதைதான். பூநகரி கௌதாரிமுனையில் 2021-இல் கடலட்டைப் பண்ணைகள் வந்தபோது, எங்கள் தொழில் இடத்தை வேலி போட்டு அடைக்கிறார்கள் என்றுதான் அங்குள்ள மீனவர்கள் எழுந்தார்கள்.

ஏற்றுமதி பற்றியும் ஒரு வரி. ஆமை தப்பிக்கும் கருவியை மடியில் பொருத்தாததால் 2019-இலிருந்து இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. கருவி பொருத்தினால் இறால் நழுவிவிடும் என்று படகுக்காரர் சொல்கிறார், ஏற்றுமதிக்காரர் பொருத்து என்கிறார். பொருத்துகிற செலவையும் நழுவுகிற இறாலின் விலையையும் ஏற்றுமதிக்காரர் பகிரட்டும் என்று எழுதுங்கள்.

படி 8: அக்கரையோடு பேசுங்கள்

பாக் விரிகுடாவுக்கு ஒரு கரை மட்டும் இல்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மீனவர்கள் கடலுக்கே போக முடியாமல் இருந்தபோது நம் மடிகள் அங்கே போய்ப் பழகின. 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்ப வலை விடத் தொடங்கியபோது அந்த வலைகளை நம் இழுவைப் படகுகள் அறுத்தன. கடன் வாங்கி வலை வாங்கியவரும் தமிழர்தான். இதைச் சொல்லாமல் கைதுகளை மட்டும் பேசினால் அக்கரையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்துவிட்டது.

பேசினால் நடக்காதா? 2010 ஆகஸ்டில் இருதரப்பு மீனவர்களும் தமிழ்நாட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து, இழுவை மடியை ஒரு வருடத்தில் நிறுத்திவிடுவது, அதுவரை வருடத்துக்கு 70 நாள் மட்டும் சில நிபந்தனைகளோடு போவது என்று உடன்பட்டார்கள். அரசுகள் அதற்கு முத்திரை வைக்கவில்லை, அத்தோடு போயிற்று. 2016-இல் இரு அரசுகளும் ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தன. சென்னையிலேயே வங்காள விரிகுடாத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பும் இருக்கிறது, இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் அதில் உறுப்பினர்கள். உங்கள் ஆவணத்தின் ஒரு படியை அங்கேயும் கொடுங்கள், இன்னொரு படியை யாழ்ப்பாணத்து மீனவர் சமாசங்களுக்கு (சங்கங்களின் கூட்டமைப்புகளுக்கு) அனுப்புங்கள். தமிழில்தானே எழுதுகிறீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

படி 9: தாக்கல் செய்வது

பத்துப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். படம் ஒரு பக்கம், சங்காயக் கணக்கு ஒரு பக்கம், விதிகள் இரண்டு பக்கம், ஈட்டுக் கணக்கு இரண்டு பக்கம், மீதி கையெழுத்துகள். கையெழுத்தில் நாட்டுப்படகு, விசைப்படகு, மீன் விற்கும் பெண்கள், பாசி எடுக்கிறவர்கள் நான்கு தரப்பும் இருக்க வேண்டும். ஒரு தரப்பு மறுத்தால் அவர்களின் மறுப்பையும் அப்படியே சேர்த்துவிடுங்கள், மறைத்தால் கூட்டத்தில் வெடிக்கும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், உதவி இயக்குநருக்கு ஒரு படி, வனத்துறைக்கு ஒரு படி, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி. கடலோரங்களை மீட்க 1,675 கோடி ரூபாயில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' என்று மாநில அரசு தொடங்கியிருக்கிறதே, அதன் பணம் உங்கள் கரையில் எதற்குச் செலவாகப் போகிறது என்று அதே மனுவில் கேட்டு வையுங்கள்.

விவாதக் கூட்டங்களை ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே பேசலாம். ஜூன் 14 நெருங்கிவிட்டால் ஐஸுக்கும் டீசலுக்கும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அடுத்த ஏப்ரல்தான்.